சுதாவின் பேரில் ஒரு முழுக்கு

கிளமெண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனன் ஸ்ரீநாத்துக்கு, அத்தான் தனசேகரன் எழுதுவது. இங்கு நலம். நீ, யாமினி, பத்ரிநாத் போய்வந்த உன் மாமியார் எல்லாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். புண்ணியம் சேர்ந்த உடம்புக்கு என்ன குறை? பொங்கோலுக்கும் கிளமெண்டிக்கும் ரயில் ஓடும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் உன் மாமியார் முதலில் படித்துவிட்டுக் கைகூப்புகிற படம் போடுவார். அதனால்தான் தபால்.

பத்ரிநாத்தில் அந்த வெந்நீர்க் குண்டத்தில் குளித்துவிட்டுப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்பது உன் அக்கா சுதாவின் நெடுநாள் ஆசை. "வர்ற வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று தீபாவளியன்று எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னவன் நீ. அதை நம்பி நான் தேக்கா கடைவீதி முழுக்க அலைந்து, வேர்த்து வழிய நின்று குரங்குக் குல்லா கேட்டேன். கடைக்காரர் ரவூப் எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். குல்லாவும் கம்பளிக் காலுறையும் வாங்கி, அவள் அவற்றைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பழகி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு நீ போன் செய்தாய். அக்காவுக்கு முட்டி வலி, யாத்திரைக் குழுவில் எல்லாரும் வேகமாக நடப்பவர்கள், அடுத்த முறை பார்க்கலாம் என்றாய். அவன் சொல்வதும் நியாயம்தான் என்று எனக்கே சமாதானம் சொன்னாள் அவள். பிறகு நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தால், வேகமாக நடக்கிற உன் மாமியார் ஒரு கூலியாளின் முதுகுக் கூடையில் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறார்.

அதுகூடப் போகட்டும். வரமுடியாதவர்களின் பேரைச் சொல்லித் தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போடுவது வழக்கம். அதே வீடியோவில் நீயும் ஆவி பறக்கும் குண்டத்தில் நின்றுகொண்டு, "எங்க அக்கா சுதா, ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம்" என்று சொல்லி முங்கினாய். ரோகிணி உன் மாமியாருடைய நட்சத்திரம், அப்பா! உன் அக்கா மீன ராசி, உத்திரட்டாதி. கூடையில் போனது போதாதென்று அந்த அம்மாவுக்கு அன்றைக்கு இரண்டு முழுக்கு. உன் பிறந்தநாள் வந்தால் விடியற்காலையில் கோயிலில் நின்று உன் பேரும் ராசியும் நட்சத்திரமும் பிசகாமல் சொல்லி அர்ச்சனை செய்கிறவள் உன் அக்கா. அவளோ வீடியோவை அணைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெந்நீர் ஊற்று இமயமலையில் மட்டும்தானா இருக்கிறது என்று, வந்த சனிக்கிழமையே ரயிலும் பஸ்ஸும் மாறி அவளை இங்கேயே இருக்கும் செம்பவாங் ஊற்றுக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெருமாள் இல்லை, ஊற்று நீரில் முட்டை வெந்துகொண்டிருந்தது. ஒரு சீனப் பெரியவர், விரதமிருந்த உன் அக்காவிடம் அன்போடு ஒரு முட்டையை நீட்டினார். அவள் கும்பிட்டு மறுத்ததும் மனசு கேட்காமல், கால் நனைக்க ஊற்று நீர் பிடித்து வைத்திருந்த தன் வாளியைக் கொடுத்தார். அதில் காலை வைத்ததும் அவள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? "எந்தம்பி ஸ்ரீநாத், கடக ராசி, பூச நட்சத்திரம், நல்லா இருக்கணும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் விடுவேனா? குவளையால் அள்ளி, "சுதா, மீன ராசி, உத்திரட்டாதி" என்று பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொல்லி அவள் முட்டியில் ஊற்றினேன். அவள் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். சூடு அதிகம்போல என்று நினைத்துக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தேன்.

ஆகையால் தீர்த்தச் சொம்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிடாதே. கூடப்பிறந்தவளின் நட்சத்திரம்கூடத் தெரியாதவனோடு எங்களுக்கு இனி எந்தப் பயணமும் கிடையாது. வயதில் பெரியவன், ஆசி சொல்லாமல் முடிக்கக் கூடாது. நன்றாக இரு. பொங்கோலிலேயே இரு.

இப்படிக்கு,
உன் அக்காவை நன்கு அறிந்த
அத்தான் தனசேகரன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சுதா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். ராசி மட்டும் சரியாம். அவள் நட்சத்திரம் ரேவதியாம். "கோயில்ல என்னிக்காவது நீங்க சொல்லியிருக்கீங்களா? எல்லாருக்கும் நான்தானே சொல்றேன்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அடுத்த ஞாயிறு நீ தீர்த்தச் சொம்போடு மதியச் சாப்பாட்டுக்கு வர வேண்டுமாம். வருகிற வருஷம் பத்ரிநாத்துக்கு இப்போதே அவளுக்கு ஒரு இடம் எடுத்து வைக்க வேண்டுமாம். ஒன்றுதானா என்று நான் திரும்பவும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுதானாம்.