ஹெட்லைட் பந்தயம்

மனைவியிடம் பந்தயம் கட்டக் கூடாது என்பது காயில்காரருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கட்டிய முதல் பந்தயத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் கட்டினார். சில பேருக்கு மூக்கு உடைபட்டால்தான் தங்களுக்கு மூக்கு இருப்பதே நினைவுக்கு வரும்.

பந்தயம் இதுதான். முன் அறையில் நிற்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒழுங்காக எரிய வேண்டும். வண்டி ஓடும்போது மட்டுமல்ல, ஸ்லோவில் நிற்கும்போதும் அணையக் கூடாது. எரிந்தால் வண்டி முன் அறையிலேயே இருக்கும். எரியாவிட்டால் வண்டி அவளுடைய தம்பிக்குப் போய்விடும். சமையலறை மூலையில் கிடக்கும் அவளுடைய தையல் மெஷின் முன் அறைக்கு வரும்.

நியாயத்தைப் பார்த்தால் பந்தயமே தேவையில்லை. அவர் வேலை பார்த்த கிடங்கை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது தையல் மெஷினால்தான். ஆஸ்பத்திரிச் சீருடைகளை அவள் குவியல் குவியலாகத் தைத்துக் கொடுக்கிறாள். ஆனால் வெளிச்சமும் காற்றும் வரும் அறை மோட்டார் சைக்கிளுக்கு. புகையும் ஈரமும் சேரும் மூலை அவளுக்கு. இது அநியாயம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பேச்சை எடுத்தாலே கோபம் பொத்துக்கொண்டு வரும். கிடங்கில் இருந்தவரை அவர் ஸ்டோர்காரர். வேலை போன பிறகு இந்த வண்டிக்குக் காயில் சுற்றிச் சுற்றி, தெருவில் காயில்காரர் என்று பெயர் வந்தது. வண்டியும் போனால் வெறும் தையல்காரி புருஷன். அதை நினைத்தாலே அவருக்கு வாயெல்லாம் கசந்தது.

அந்த வண்டி விளக்குக்கு ஒரு குணம் உண்டு. என்ஜினோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுழலும். அது சுழல்வதால் பக்கத்தில் இருக்கும் செம்புக்கம்பிச் சுருளான காயிலில் கரண்ட் பிறந்து, நேராக ஹெட்லைட்டுக்குப் போகும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம், விட்டால் மங்கல், என்ஜின் நின்றால் இருட்டு. சம்பளம் வாங்கிய காலத்தில் வீட்டில் அவருக்கு இருந்த மரியாதையும் ஏறக்குறைய இதே வயரிங்தான்.

மங்கினால் பரவாயில்லை. இவர் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் விளக்கு ஒரேயடியாகச் செத்தது. பல்பை மாற்றினார். வயரை மாற்றினார். காயிலை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். அந்த வாரம் முழுக்க, தைப்பதை விட்டுவிட்டு அவள்தான் டார்ச் பிடித்தாள். இது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒதுக்கப்பட்ட உத்தியோகம்.

"நேரா புடி. நான் பாக்க வேண்டியது காயிலை. கூரையை இல்ல."

"நேராத்தாங்க புடிச்சிருக்கேன். உங்க தலைதான் மறைக்குது."

"என் தலையெழுத்து."

"அது எனக்குத் தெரியலைங்க, தலை மட்டும்தான் தெரியுது. ஏங்க, இந்தக் கறுப்பு வயரு எங்க போகுது?"

"எர்த்து. வண்டி பாடியோட சேரணும்."

"பாடிக்குத்தான் போன வருஷம் ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சீங்களே. பெயின்ட் மேல வச்சு முறுக்கினா அது எப்படிச் சேரும்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ பட்டனுக்குக் காஜா எடுக்கறதைப் பாரு. கரண்ட் விஷயம் எனக்குத் தெரியும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கூடவே டார்ச்சையும் அணைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. விளக்கு வரவில்லை. அவள் துணி கொடுக்க வெளியே போயிருந்தாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன காயில்காரரின் கண்ணில் அலமாரி மேலிருந்த எமர்ஜென்சி விளக்கு பட்டது. கரண்ட் போனால் அவள் அந்த வெளிச்சத்தில்தான் தைப்பாள். அதற்குள் ஆறு வோல்ட் பேட்டரி. வண்டியும் ஆறு வோல்ட். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருத்தம்.

பேட்டரியைப் பிடுங்கி, வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஒரு பட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்கினார். அதிலிருந்து ஹெட்லைட்டுக்கு நேராக ஒரு வயர். காயிலிலிருந்து வந்த வயருக்கு நுனியில் டேப் சுற்றி ஓரங்கட்டினார். காலிக் கூடான எமர்ஜென்சி விளக்கைப் பழைய இடத்திலேயே வைத்தார். இது ஏமாற்று வேலை என்று மனசு சொன்னது. தற்காலிக ஏற்பாடு என்று அவர் அதைத் திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை உதைத்தார். அறை முழுக்கப் புகை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். ஹெட்லைட் பளிச்சென்று எதிர்ச் சுவரில் அடித்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார், விட்டார், திரும்ப முறுக்கினார். வெளிச்சம் அசையவில்லை. அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். அவர் முதலில் விளக்கை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் என்ஜினை நிறுத்தினார். அதையும் பார்த்தாள்.

"எப்படி?"

"முறுக்கினாலும் கூடல, விட்டாலும் குறையல. இந்த மாதிரி நான் பாத்ததே இல்லைங்க."

"கைத்திறமை வேணும்டி."

"கைத்திறமைதான். சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவருக்கே ஏமாற்றமாக இருந்தது. நாலு வார்த்தை பெருமையடிக்க வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"லைட்டுதான் சரியாயிடுச்சே. நாளைக்கு சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கூட்டிட்டு வந்துருங்க. லைட்டு இல்லைன்னுதானே இத்தனை நாளா நான் மூட்டையும் கையுமா இருட்டுல நடந்து வர்றேன்."

மறுக்க வழியில்லை. அன்று ராத்திரி பேட்டரிக்குச் சார்ஜ் போட நினைத்தார். சார்ஜர் வயர் சமையலறையில் இருந்தது. அங்கே தையல் மெஷின் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது. எமர்ஜென்சி விளக்கின் பல்பு கடுகளவு; அதற்கு அந்த பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்கும். ஹெட்லைட் பல்பு ஆனைப்பசிக்காரன். வீட்டுக்கு வரும்வரை தாங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டு படுத்தார்.

மறுநாள் இருட்டுவதற்கு முன்பே போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அவள் துணி மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"தம்பி வீட்டு வழியா போங்க."

"அது சுத்து வழி."

"லைட்டுதான் இருக்கே."

தண்டவாளத்தை ஒட்டிய பாதை. தெருவிளக்கு கிடையாது. பாதி தூரம் போவதற்குள் வெளிச்சம் மஞ்சளானது. பிறகு அணையப் போகும் தீக்குச்சி மாதிரிச் சிவந்தது. பிறகு அதுவும் இல்லை. என்ஜின் மட்டும் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, என்ஜின் ஓடுது, லைட்டு நின்னுடுச்சு?"

"ப்யூஸ் போயிருக்கும்."

"இருக்கும் இருக்கும்," என்று இறங்கி, பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள்.

அவள் வெளிச்சம் காட்ட, அவர் வண்டியைத் தள்ளினார். அவள் தம்பி வீட்டு கேட் அகலத் திறந்திருந்தது. தம்பி வாசலிலேயே நின்றான்.

"வாங்க மாமா. தள்ளிட்டு வருவீங்கன்னு அக்கா காலையிலேயே சொல்லிச்சு."

காயில்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிய வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் அன்றைக்கு எரிந்தது.

"பேட்டரியைக் கழட்டுங்க," என்றாள்.

"எந்த பேட்டரி?"

அவள் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். "எமர்ஜென்சி விளக்கைத் துடைக்கத் தூக்கினேன். பஞ்சு மாதிரி வந்துச்சு. அதுல ஹெட்லைட்டு எவ்வளவு நேரம் எரியும்னு எனக்குத் தெரியாதா? அதை நம்பித்தானே தைக்கிறேன்."

அவர் கழற்றினார். அவள் டார்ச்சை அவர் கையில் திணித்துவிட்டு, நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலோடு வண்டிப் பக்கத்தில் குந்தினாள். கறுப்பு வயரின் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயின்ட்டை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினாள்.

"நேரா புடிங்க. கூரையைப் பாக்க வேணாம்."

அவர் நேராகப் பிடித்தார். வயரை வைத்து முறுக்கினாள். ஓரங்கட்டியிருந்த காயில் வயரின் டேப்பைப் பிரித்து அதன் இடத்தில் சேர்த்தாள். தம்பி உதைத்தான். விளக்கு வந்தது. முறுக்கினால் கூடியது, விட்டால் மங்கியது. ஆனால் அணையவில்லை. பெயின்ட் அடித்த நாளிலிருந்து அந்த வண்டி விளக்கு இப்படி எரிந்து அவர் பார்த்ததில்லை. சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

"ஸ்லோல அணையல பாத்தியா," என்றார் மெதுவாக. "பந்தயப்படி பாத்தா..."

"பந்தயம் நேத்தோட முடிஞ்சுதுங்க. இது தம்பி ராத்திரி வேலைக்குப் போறதுக்கு."

பேட்டரியையும் துணி மூட்டையையும் அவர் கைகளில் ஏற்றினாள். டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவர் பின்னால் தடுமாறுவது கேட்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

"பாத்து வாங்க. உங்களுக்கு இருட்டுல நடந்து பழக்கமில்ல."