பிரேக் நன்று எனச் சான்றளிக்கப்படுகிறது

எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது என்பதையும், அது கிளம்பினால் லேசில் நிற்காது என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். நிற்கவே நிற்காது என்று சொன்னால் அபாண்டம். நிற்கும். கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது எங்கள் அலுவலகத்தின் வேலை. அலுவலகம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. காலையில் எங்கள் பதினொரு பேரை ஏற்றி வருவதும் மாலை நாலரைக்கு இறக்கி விடுவதும் வேனின் கடமை. ஏறும்போது தொல்லை இல்லை, மேடே வண்டியை நிறுத்திவிடும். இறங்கும்போதுதான் வில்லங்கம். சரிவு முடிகிற வளைவில் ஒரு பஸ் நிறுத்தம். எந்நேரமும் பதினைந்து இருபது பேர் அங்கே நிற்பார்கள். ஓட்டுநர் அண்ணன் முதல் கியரை விட்டு மாறாமல், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், வண்டியை உறுமவிட்டு இறக்குவார். கை பிரேக் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அதற்குத் தனிக் கோப்பு நடந்துகொண்டிருக்கிறது.

அண்ணனுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"தம்பி, பிரேக் லைனிங் சுத்தமாத் தேஞ்சு போச்சு. டிரம்மெல்லாம் துரு. இரும்போட இரும்பு உரசுது. ஒரு புகார் எழுதிக் குடு. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க யார் மேலயாவது ஏத்திட்டேன்னா, அப்புறம் நான் உசுரோட இருந்து என்ன பிரயோசனம்?"

நான் எழுத்தர். எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. "பிரேக் பிடிப்பதில்லை" என்று நாலே வரியில் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது.

மேலாளர் அப்போதுதான் நேர்மறைச் சிந்தனைப் பயிலரங்கம் ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். அந்த வருஷம் எல்லா அலுவலகத்திலும் அதுதான் மோகம். தினமும் காலையில் வட்டமாக நின்று மூன்று முறை கைதட்டிவிட்டுத்தான் நாங்கள் வேலையைத் தொடங்க வேண்டும். "இல்லை", "முடியாது", "பழுது" ஆகிய சொற்கள் கோப்புகளில் தடை செய்யப்பட்டிருந்தன. என் புகாரில் தடை செய்யப்பட்ட சொற்களைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மாற்றி எழுதினேன். "வண்டியின் முன்னோக்கிய இயக்கம் எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டது. நிறுத்தும் திறனில் வளர்ச்சிக்கு ஏராளமான வாய்ப்பு காணப்படுகிறது." மேலாளர் பச்சை மையில் "மனமார்ந்த பாராட்டுகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் அண்ணனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் நாற்காலியின் காலுக்கு அடியில் வைத்தார்.

இன்னும் மூன்று கடிதம் எழுதி, நடையாய் நடந்து, ஒருவழியாகப் பிரேக் மாற்ற உத்தரவு வாங்கினோம். பழைய பாகத்தை ஒப்படைத்தால்தான் ஸ்டோரில் புதிய பாகம் தருவார்கள். ஷெட்டில் மெக்கானிக் பழைய செட்டைக் கழற்றிக் கொடுக்க, அண்ணன் அதைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். கையெழுத்துப் போட நானும் கூடப் போனேன்.

ஸ்டோர்கீப்பர் நேர்மையான மனிதர். இருபது வருஷமாக ஒரு திருகாணிகூட அவர் கணக்கில் தவறியதில்லை. அவர் குனிந்து, கடைசித் தட்டின் மூலையிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து மேஜையில் கவிழ்த்தார். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அண்ணனின் முகம் தொங்கிப் போயிற்று. கூரை ஒழுகிய காலத்தில் வந்து சேர்ந்த செட் அது. தொட்டால் துரு உதிர்ந்தது.

மேல் தட்டில் பிரித்தும் பார்க்காத பெட்டிகள் பத்து வரிசையாக இருந்தன. அதிலிருந்து ஒன்று தரக் கூடாதா என்று அண்ணன் கேட்டார்.

"அதுக்கு இன்னும் முறை வரல. முதல்ல வந்தது முதல்ல போகணும். அதான் விதி."

"எப்ப முறை வரும்?"

"இப்ப போற வேகத்துல, ஒரு பதினாறு வருஷம்."

"அதுக்குள்ள அதுவும் துருப்பிடிச்சிருமே?"

"பிடிக்கட்டும். அப்ப குடுத்துருவோம்."

சொல்லிவிட்டு அவர் பதிவேட்டை எடுக்க உள்ளே போனார். அதற்குள் அண்ணன் தன் சாக்கை அவிழ்த்துப் பழைய செட்டையும் அதே மேஜையில் வைத்துவிட்டார். திரும்பி வந்த ஸ்டோர்கீப்பர் மேஜையைப் பார்த்துத் திகைத்து நின்றார். இரண்டு செட். இரண்டும் துரு. இதில் எது புதியது?

மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். வண்டியிலிருந்து கழற்றியது தினமும் உரசிக்கொண்டிருந்ததால் அதில் துரு கொஞ்சம் கம்மி, மற்றது படு மோசம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். ஸ்டோர்கீப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லா இருக்கிறது எதுவோ அதான் புதுசு. எடுத்துட்டுப் போங்க."

"ஐயா, இது நான் கொண்டுவந்தது. இந்தக் கீறல்கூட எனக்கு அடையாளம் தெரியும்."

"நல்லதைப் பழசுன்னு வாங்கி வச்சுக்கிட்டு, மோசமானதைப் புதுசுன்னு குடுத்தேன்னா, தணிக்கையில எனக்காக நீ வந்து பதில் சொல்லுவியா?"

ஸ்டோரின் துருப்பிடித்த செட் பழையது என்று சீட்டுக் கட்டப்பட்டு மூலைக்குப் போனது. வேனின் தேய்ந்த செட் புதியது என்று முத்திரை குத்தப்பட்டு வேனுக்கே திரும்பியது. பிரேக் மாற்றப்பட்டதாகச் சான்றிதழும் கொடுத்தார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அன்று மாலை அண்ணன் வண்டியைச் சரிவின் ஓரத்து மண்மேட்டில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். பக்கவாட்டுப் பெயின்ட் மொத்தமாகப் போயிற்று. மறுநாள் அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. புத்தம் புதிய பிரேக்கை ஒரே நாளில் கெடுத்தது ஏன்? அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

"நீயும் அந்த வண்டியிலதானே தம்பி வர்றே?" என்று கேட்டார்.

"அது வேற அண்ணே. இது ஆபீஸ் விஷயம்" என்றேன்.

அவர் கொடுத்த விளக்கம் திருப்திகரமாக இல்லாததால் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. வேனில் போகும் நாங்கள் பதினொரு பேரும், மேலாளர் உட்பட, அதில் உறுப்பினர்கள். சரிவில் ஓட்டிப் பாருங்கள் என்று அண்ணன் மன்றாடினார். குழு ஆழ்ந்து ஆலோசித்தது. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், எனக்குப் பொதுவாகவே பயம். ஆகவே, பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, சோதனையை ஷெட்டுக்குள்ளேயே நடத்துவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. சமதரை. எஞ்சின் அணைக்கப்பட்டது. அண்ணன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. சந்தேகம் வேண்டாம் என்று இன்னொரு முறை மிதிக்கச் சொன்னோம். அப்போதும் நகரவில்லை.

"பிரேக் நன்று எனச் சான்றளிக்கப்படுகிறது" என்ற தாளில் பதினொரு பேரும் கையெழுத்திட்டோம். நான் நாலாவது ஆள்.

அண்ணன் அந்தத் தாளைப் படித்தார். சாவியை என் மேஜையில் வைத்தார். "அப்ப நீங்களே ஓட்டிட்டு வாங்க. நான் பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு சரிவில் நடந்து இறங்கிப் போனார்.

மணி நாலரை. யாரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்று மேலாளர் பணிப்பதிவேடுகளைப் புரட்டினார். என்னிடம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், பெண் வீட்டாருக்கு ஒரு மரியாதைக்காக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தது. பிரேக் சரியில்லை, ஓட்டமாட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் நன்று என்று நாலாவதாகக் கையெழுத்துப் போட்டவனே நான். அதே காரணத்தால் மற்றவர்களாலும் பின்வாங்க முடியவில்லை. நடந்து போகிறேன் என்று ஒருவர் சொன்னாலும் சான்றிதழ் பொய்யாகிவிடும். பதினொரு பேரும் ஏறினோம்.

தட்டச்சர் அக்கா பின்னாலிருந்து குனிந்து, "முதல் கியர்லயே வாப்பா" என்றார். காதில் விழாதது போல நான் சாவியைத் திருகினேன்.

முதல் கியரில்தான் கிளம்பினேன். பாதிச் சரிவில் கியர் கழன்றுகொண்டது. மிதித்தேன். கால் அடிவரை போயிற்று. இரும்பு இரும்போடு உரசிக் கத்தியதே தவிர, வண்டி எங்களைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே யாரும் கத்தவில்லை. கத்தினால் அது ஒரு கருத்தாகிவிடும். மேலாளர் மட்டும் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓட்டுநர் அண்ணனுக்கு அந்தச் சத்தம் எட்டியிருக்க வேண்டும். அது அவர் தினமும் கேட்ட சத்தம். டிபன் பையை வீசியெறிந்துவிட்டு, அங்கே நின்றவர்களைப் பிடித்துத் தள்ளி விலக்கினார். பிறகு நடுரோட்டில் நின்று, இரண்டு கையாலும் எனக்கு இடப்பக்கத்துச் சந்துக்கு வழி காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிற மேட்டுச் சந்து அது. ஒடித்துத் திருப்பினேன். வண்டி மேட்டில் ஏறி, தளர்ந்து, நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைப் போட்டார். "யாருக்கும் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மேலாளர் கீழே இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"பாத்தீங்களா? நின்னுருச்சு" என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நின்றுதான் இருந்தது. பதினொரு பேரும் தலையசைத்தோம்.

மறுநாள் நான் வரைந்த ஆணையின் சுருக்கம் பின்வருமாறு. முழுப் பயணிகளுடன் சரிவில் நடத்தப்பட்ட சோதனை ஓட்டத்தில் வண்டி எவ்விதச் சேதமுமின்றி நின்றது. ஆகவே ஓட்டுநரின் புகார் பொய்யென்று உறுதியாகிறது. மேலும், அவர் பொதுச்சாலையின் நடுவில் நின்று அலுவலக வாகனத்தின் போக்கில் குறுக்கிட்டார். அவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.

கையெழுத்துப் போட வந்த அண்ணன் ஆணையை நிதானமாகப் படித்தார். "அந்தக் கல்லைப் பத்தி எழுதலியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அது கோப்பில் வரவில்லை என்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.

புதிய ஓட்டுநர் வரும்வரை நான்தான் வேனை ஓட்டுகிறேன். முன்னெச்சரிக்கையாக வளைவில் ஒரு பலகை நட்டிருக்கிறோம். "மாலை நாலரை மணிக்குப் பொதுமக்கள் சற்றுத் தள்ளி நின்று ஒத்துழைக்கவும்." அவர்களும் ஒத்துழைக்கிறார்கள். நாலரை ஆனதும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறார்கள், வேன் போனதும் பழையபடி வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஏன் என்று யாராவது கேட்டால் காட்டலாம் என்று சான்றிதழின் நகலைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.