தறிக்குழியில் ஒரு செப்பேடு

கூடத்தில் தறிக்குழி தோண்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆம்பளை முடிவு. மனசுக்குள்ளேயே எடுத்தேன். ஏனென்றால் அம்சவேணி பக்கத்தில் நின்றாள்.

நான் பட்டுக்கடையில் சேலை பிரித்துப் போடுகிறவன். நெசவெல்லாம் என் பெண்டாட்டி அம்சவேணிதான். ஆதிகேசவன் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்துவிட்டு, அந்த வீட்டம்மாளின் முகச்சுளிப்பையும் வாங்கிக்கொண்டு வருவாள். சொந்தத் தறி வேண்டுமாம். உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்க ஒரு குழி வேண்டும். அதுதான் என் தலையில்.

"இன்னாங்க, எப்ப தோண்டப் போறீங்க?"

"இடுப்பு புடிச்சிக்கினு இருக்குதும்மா."

"போன மாசம் தோள்பட்டைன்னீங்க?"

"அதுதான் எறங்கி வந்துக்கினு இருக்குது."

அப்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி. பல்லவர் செப்பேடுகளைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறதாம். எழுதிய பேராசிரியர் ராஜகோபால், இதோ பக்கத்தில் இருக்கிற கூரம் கிராமத்தில் வந்து தங்கியிருக்கிறாராம். பழம்பொருள் தென்பட்ட இடத்தில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஹா! எனக்காகவே எழுதின புத்தகம்!

பரணில் கிடந்த பழைய செம்புத் தட்டை எடுத்தேன். ஆணியால் ஜிலேபி ஜிலேபியாக எழுத்துக் கிறுக்கினேன். உப்பும் மோரும் தடவிப் பச்சை பிடிக்க வைத்தேன். அவள் நெய்யப் போன நேரத்தில் கூடத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே சாணி போட்டு மெழுகினேன். அடடா, என்ன மெழுகல்!

மறுநாள் கூரத்துக்கு பஸ் ஏறினேன்.

"ஐயா, தறிக்குழி தோண்ட ஆரம்பிச்சேன். எழுத்து வெட்டின செம்புத் தகடு கண்ணுல பட்டுது. மூடிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினீங்க! கை வைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வரேன்."

அம்சவேணியிடம் சொன்னேன். "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வந்தார். தெருவே ஜன்னலில் தொங்கியது.

"மெதுவா எடுங்க," என்றார்.

ஒரு சாண் எடுத்தேன். ஒன்றுமில்லை. இரண்டு சாண். மண்தான்.

"ஆழமா போங்க. பழசெல்லாம் அடியிலதான் இருக்கும்."

நான் புதைச்சது ஒரு சாண்தாங்க என்று எந்த வாயால் சொல்வது?

அம்சவேணி மோர் கொண்டுவந்தாள். டம்ளர்களுக்கு அடியில் பளபளவென்று ஒரு செம்புத் தட்டு. புளி போட்டுத் தேய்த்திருந்தாள். ஓரத்தில் என் ஜிலேபி! பேராசிரியர் ஒரு டம்ளரை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் குனிந்து என் காதில் சொன்னாள்: "என்னைக்கும் இல்லாத திருநாளா தரை மெழுகியிருந்தீங்களே. அன்னைக்கே தோண்டி எடுத்துட்டு, திரும்ப மெழுகிட்டேன்."

பிறகு சத்தமாக, "ஐயா, இந்தப் பக்கம் நீட்டமா தோண்டினா கிடைக்குமோ?"

"அம்மா சொல்றது நியாயம்!"

"என் இடுப்பு..." என்று இழுத்தேன். தட்டு பேராசிரியர் பக்கம் லேசாகச் சாய்ந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாய்கிற வரை வெட்டினேன். பேராசிரியர் என் தோளைத் தட்டி, "உங்க உழைப்பை மறக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தொங்கிய முகத்தோடு போனார். நல்ல மனுஷன். அவரைப் போய் ஏமாற்றினேனே! வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டினவள் கால் வைக்க ஒரு குழி கேட்டாள். அதைத் தட்டிக் கழிக்கப் பல்லவரையே துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். தூ!

"மன்னிச்சுக்கோ அம்சா," என்றேன், தொடை ஆழத்தில் நின்றபடி. நிஜமாகவே கண் கலங்கியது.

அவள் குழிக்குள் கையை விட்டு முழம் போட்டுப் பார்த்தாள்.

"அளவு சரியா இருக்குது. சீக்கிரம் ஏறி வாங்க, தறி ஏத்தின வண்டி காலையிலேர்ந்து தெருமுனையில நிக்குது."