பால் மாத்தயாவும் என் மகனின் உள்ளங்காலும்

விளக்குச் சிமினியில் படிந்திருந்த கரியை வழித்து, விளக்கெண்ணெய் விட்டு விரலால் குழைத்துக்கொண்டிருந்தேன். மகனுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளைக்காம்பராவில் அவனை விட வேண்டும். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்க ஓட வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த வேலை இவ்வளவுதான்.

தினமும் பொட்டு வைக்கிறவள் இல்லை நான். விடியற்காலையில் அதற்கு ஏது நேரம்? ஆனால் அன்றைக்கு டவுனிலிருந்து ஒரு மாத்தயா, பெரிய அதிகாரி, வருகிறாராம். அரசாங்கம் கொடுக்கிற பால்மாவை எங்கள் பிள்ளைகள்தான் குடிக்கிறார்களா, வேறு யாராவது குடிக்கிறார்களா என்று பார்க்கிற மாத்தயா.

எங்கள் தோட்டம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பாதி. பாதிக்கு ஒரு காம்பரா. எங்கள் கீழ்க்கணக்குக் கணக்கப்பிள்ளை முதல் நாளே, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நின்று சத்தம் போட்டார்.

“நாளைக்குப் புள்ளைகளக் குளிப்பாட்டிக் கொண்டாங்க! அதுக்காகக் கொஞ்சம் பிந்தி மலைக்கு வந்தாலும் பரவாயில்ல. அழுக்குப் புள்ளையா இருந்தா மாத்தயா பேர வெட்டிப்புடுவாரு. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது, ஆமா!”

பேர் வெட்டுப்பட்டால் பால் மட்டுமா போகும்? காம்பராவில் தொட்டிலும் போகும். எங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. தொட்டில் இல்லையென்றால் நான் வேலைக்குப் போக முடியாது. இப்போதுதான் கூலிக் கணக்கு எழுதுகிற செக்ரோலில் என் பேரையே பதிந்திருக்கிறார்கள்!

அதனால் வெந்நீர் வைத்து, மகனைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. பிறகு பொட்டு. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் பெரிதாய் ஒன்று.

கண்படுகிற அழகா உன் மகன் என்று கேட்காதீர்கள். மூக்கு அவன் அப்பாவுடையது. அதைப் பார்த்து இதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை. ஆனாலும் கவர்மெண்டுக் கண்ணாச்சே!

காம்பரா வாசலில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

“என்னா புள்ள இது, மூஞ்சியெல்லாம் கரி? அவரு சுத்தம் பாக்க வாறாரு, நீ அடுப்புக்குள்ள இருந்து எடுத்தாந்த மாதிரி கொண்டாந்திருக்க! தொடை, தொடை!”

நான் யாரிடமும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. என் மூக்கைத் துடைத்து எடு என்றாலும் ‘சரிங்க’ என்பேன். துடைத்தேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் வந்த பொம்பளைகளும் தங்கள் பிள்ளைகளின் முகத்துப் பொட்டைத் துடைத்தார்கள். காலில் வைத்ததை ஒருத்தியும் துடைக்கவில்லை. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

உள்ளே போனால் என் மகனின் தொட்டிலில் வேறு ஒரு பிள்ளை படுத்திருந்தது! நன்றாகக் கால் நீட்டி, சொந்தத் தொட்டில் மாதிரி.

“ஆயாம்மா, இது யாருங்க?”

காம்பரா ஆயா மாரியாயி என் வாயைப் பொத்தாத குறைதான். “மெதுவாப் பேசு! மேல்கணக்குப் புள்ளைக. நம்ம புள்ளைகளுக்குத் தொணைக்கு வந்திருக்குதுக.”

“எதுக்குத் தொணை?”

“ஒனக்கு எத்தன கேள்வி! கணக்குல புள்ளைக கூட இருக்கு, தொட்டில்ல கொறவா இருக்கு. இன்னிக்கு ரெண்டும் சரியா இருக்கணுமாம். கணக்கப்பிள்ளை ஐயா உத்தரவு.”

எங்கள் கணக்கப்பிள்ளை பிறக்காத பிள்ளைகளுக்கும் பேர் எழுதிப் பால்மா வாங்குகிறவர். நல்ல நல்ல பேராக வைத்திருக்கிறார் என்று கேள்வி. அந்தப் பால்மா எங்கே போகிறது என்று நான் எதுவும் சொல்ல மாட்டேன். அவர் வீட்டுப் பூனையால் படி ஏற முடியவில்லை என்று மட்டும் சொல்வேன். எங்கள் பிள்ளைகளின் பாலிலோ டம்ளரின் அடி தெளிவாகத் தெரியும்.

காம்பராவில் நின்ற எங்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. எங்களிடம் வருகிறேன் என்று சொன்ன மாத்தயா, சொல்லாமல் கொள்ளாமல் முதலில் மேல்கணக்கில் போய் இறங்கியிருக்கிறார். அங்கே பிள்ளைகளைக் கிச்சுகிச்சு மூட்டுகிற சாக்கில் ஒவ்வொன்றின் உள்ளங்காலிலும் கறுப்பு மையைத் தொட்டு வைத்திருக்கிறார். அரசாங்கக் கந்தோரில் சீல் குத்துகிற, லேசில் போகாத மை. ஒரே பிள்ளையை இரண்டு இடத்தில் காட்டி ஏமாற்றினால் பிடிக்கலாம் அல்லவா? கையில் வைத்தால் தெரிந்துவிடும், காலில் யார் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

கெட்டிக்காரர்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவருடைய ஜீப் வளைந்து வளைந்து ரோட்டில் வருவதற்குள், கணக்கப்பிள்ளையின் ஆட்கள் அந்த மேல்கணக்குப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக் குறுக்குப் பாதையில் எங்கள் காம்பராவுக்கு இறக்கிவிட்டிருந்தார்கள்.

மற்ற தாய்மார் பிள்ளையைப் போட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். நான் தொட்டிலுக்காக நின்றவள் அகப்பட்டுக்கொண்டேன். வாசலில் ஜீப் சத்தம். மகனை ஆயாவிடம் தள்ளிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பெரிய மனிதர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கதவுதான் துணை.

மாத்தயா சிரித்துக்கொண்டே வந்தார். சிங்கள மாத்தயா, தமிழ் நன்றாகவே பேசினார். “ஆ, நல்ல பிள்ளைகள்!” என்று பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

முதல் காலைப் பார்த்தார். சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. அடுத்ததைப் பார்த்தார். இன்னும் குறைந்தது. என் மகன் காலுக்கு வரும்போது சிரிப்பே இல்லை.

“இது மேல்கணக்குப் பிள்ளை.”

“இல்லிங்க மாத்தயா, இது நம்ம...” என்றாள் ஆயா.

“இது?”

“இதுவும்...”

“எல்லாம் மேல்கணக்கு! இங்கே சொந்தமாக ஒரு பிள்ளைகூட இல்லை! பிள்ளை இல்லாத இடத்துக்கு எதுக்குக் காம்பரா? மூடு!”

கணக்கப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “மாத்தயா, சத்தியமா இது நம்ம புள்ளைகதாங்க!”

அவர் வாயிலிருந்து எப்போதாவது வருகிற உண்மை. பாவம், அதையும் யாரும் நம்பவில்லை.

“எல்லாமா?”

“எல்லாமும்... இல்லிங்க... பாதிங்க...”

“எந்தப் பாதி?”

கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு இதெல்லாம் அப்போது அரைகுறையாகத்தான் கேட்டது; பிறகு ஆயா சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. மாத்தயா காலைத் தூக்குவதும், பார்ப்பதும், கத்துவதும் மட்டும் இடுக்கு வழியாகத் தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது! கால் அழுக்கு! கால் அழுக்காக இருக்கிற பிள்ளைகளின் பேரை வெட்டுகிறார்!

‘அடிப்பாவி, மூஞ்சியத் துடைச்சவ கால மறந்திட்டியே!’

அவ்வளவுதான். வெட்கம் எங்கே போனதோ, பாய்ந்து வந்து மகனின் காலைப் பிடித்தேன். முந்தானையில் எச்சில் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். அவனோ பெற்றவளை முன்னே பின்னே பார்த்திராதவன் போல ஆயாவிடம் தாவிக்கொண்டு அலறினான்.

“யார் இது? சாட்சியை அழிக்கிறா! பிடி, பிடி!” என்று கத்தினார் மாத்தயா.

“இந்தா போயிருச்சுங்க! சுத்தமாயிருச்சுங்க! பேர வெட்டிராதீங்க சாமி!”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்லவள் அல்லவா நான்! பக்கத்தில் இருந்த பிள்ளைக்கும் பேர் வெட்டுப்படுமே என்று அதன் காலையும் பிடித்துத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் தேய்த்தேன். முந்தானைதான் கிழிந்தது.

“இது என்னங்க, இந்தப் புள்ளைக்கு மட்டும் போகவே மாட்டேங்குது!”

மாத்தயா என் முந்தானையைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

“இந்தத் துணியில் இருக்கிறது என்ன?”

“வெளக்குக் கரிங்க. கண்ணு படாம இருக்க வச்சதுங்க.”

“யார் கண்?”

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் கொழுந்தெடுக்கிறேன்?

“ஒங்க கண்ணுதாங்க.”

அப்புறம் என்ன! ஒரு வாளித் தண்ணீர் வந்தது. ஆயா எல்லாப் பிள்ளைகளின் காலையும் கழுவினாள். கரி போன பிள்ளைகள் இந்தப் பக்கம், மை போகாத பிள்ளைகள் அந்தப் பக்கம். கணக்கப்பிள்ளை எந்தப் பக்கமும் போக முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஆயா என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். “ஒன்னோட சுத்தத்துல தீய வைக்க! ஒரு புள்ள காலோட நிறுத்த மாட்டியாடி?”

எது எப்படியோ, என் மகனின் பேர் தப்பித்தது. தொட்டில் தப்பித்தது. என் வேலையும் தப்பித்தது. கணக்கப்பிள்ளை தோட்டத்துத் துரைக்கு முன்னால் போய், எழுதும்போது கை தவறிவிட்டது என்றார். இல்லாத பிள்ளைக்குப் பேர் வைக்கிற அளவுக்குக் கை தவறுமா என்று துரை கேட்கவில்லை. அவருக்கும் தேத்தண்ணிக்குப் பால் வேண்டுமோ என்னவோ!

கொஞ்ச நாளில் டவுனிலிருந்து புது உத்தரவு வந்தது. இனிமேல் களவே நடக்க முடியாதாம். பால் நேரத்தில் ஒவ்வொரு தாயும் வேலையை விட்டு நேரில் வந்து, இது என் பிள்ளைதான் என்று வாயால் சொல்லி, அது குடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். அப்படி நின்றால் அன்றைக்கு அரைப்பேர், பாதிநாள் கூலிதான். தாய்மார் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் பொறுப்பான ஒருவரைப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்ததாம்.

போட்டார்கள். கணக்கப்பிள்ளையை.

இதை எழுதுவதுகூட அந்தப் பால் நேரத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான். அந்தா, வாசலில் அவர் குரல்.

“ஏய் புள்ள, பால் ஆறுது! வந்து இது யாரு புள்ளன்னு சொல்லு!”

“நேத்தே சொன்னேனேங்க!”

“அது நேத்துக் கணக்கு. இன்னிக்கு யாரு புள்ள?”

இதோ எழும்புகிறேன். போய், இவன் இன்றைக்கும் என் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.