கிருத்திகைக்கு ஒரு வேப்பிலைக் கொத்து

பூச்சிகளில் ஒரு சாதி உண்டு. கொட்டத் தெரியாது, கடிக்கத் தெரியாது. ஆனால் குளவியின் மஞ்சள் வரிகளை உடம்பில் பூசிக்கொண்டு, 'கிட்டே வா பார்க்கலாம்' என்று ஜம்பமாகப் பறக்கும். பறவை பயந்து ஒதுங்கும். வண்டு ஒன்றும் இருக்கிறது. லேசாகத் தொட்டால் போதும், காலை மடக்கி மல்லாந்து செத்துவிடும். ஆபத்து நகர்ந்ததும் எழுந்து மேயப் போகும். இரண்டு வித்தையும் கற்ற மனிதப் பூச்சியைப் பார்க்க வேண்டுமா? திருத்தணிக்கு வாருங்கள். ஆடிக் கிருத்திகையன்று மட்டும் வராதீர்கள், அன்றைக்கு அது கண்ணில் படாது.

மலையடிவாரத்தில் வீடு கட்டியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வருடம் முழுக்கச் செத்தாயா பிழைத்தாயா என்று கேட்காத சொந்தம், அன்றைக்குக் காவடியும் கைக்குழந்தையுமாக, "பாவா, நல்லா கீறீங்களா?" என்றபடி நுழையும். குளிக்கும், சாப்பிடும், மொட்டைத் தலைக்குச் சந்தனம் கேட்கும், கூடத்தில் உருண்டு தூங்கும், போகும்போது நல்ல செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போகும். யார்தான் தாங்குவார்?

தீனதயாளன் தாங்கவில்லை. போன வருடம் வரை செத்த வண்டு வித்தை. முன்கதவுக்கு வெளிப்பூட்டு; பின்கதவு வழியாக உள்ளே வந்து, ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு மூச்சுக் காட்டாமல் படுத்துக் கிடப்பார். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த பங்காளி துளசிங்கம், "எப்பனா வந்துதானே ஆவணும்" என்று வாசற்படியிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்து அந்த வித்தையைக் கெடுத்தார். அதனால் இந்த வருடம் குளவி வேஷம். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து! அம்மை போட்ட வீட்டுக்குள் எவன் கால் வைப்பான்?

"அம்மன் பேர்ல பொய்யா? வெளையாடுறீங்களா?" என்றாள் மனைவி கல்பனா.

"வேப்பிலதானே கட்டினேன்? அம்மைன்னு வாயத் தொறந்து சொன்னனா?"

வேலை செய்தது. வந்த சொந்தமெல்லாம் தெருவில் நின்றே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிற்று. தீனதயாளன் ஜன்னல் இடுக்கில் வேடிக்கை பார்த்தபடி காபி குடித்தார். ஆஹா, என்ன சுகம்!

அவர் மகள் துர்காவுக்கு எத்தனையோ வரன் வந்து தட்டிப்போயிருந்தது. போட்டோவைப் பார்த்து அவளே "சரி" என்ற ஒரே பையன் மணவூர் சுதாகர். அடுத்த வெள்ளிக்கிழமைதான் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. 'மலைக்கு வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று அந்தக் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றது. வேப்பிலையைப் பார்த்தது. பையனின் அப்பா சந்திரமோகனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"மொத மொத வந்தப்பவே இப்படியா? மனசுக்குச் சரியா படல. வாங்க, வேற எடம் பாத்துக்கலாம்."

ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியவர் என்ன செய்தார்? உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை போவான். பாயில் மல்லாந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

துர்கா விடுவாளா? வேப்பிலையைப் பிடுங்கி வீசிவிட்டுத் தெருவில் ஓடினாள்.

"மாமா, நில்லுங்க! அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல! சொந்தக்காரங்க வரக்கூடாதுன்னு எங்க நைனா கட்டிட்டு, உள்ள செத்தா மாதிரி படுத்துகினு கீறாரு!"

தெருவே கேட்டது. சந்திரமோகன் திரும்பி வந்தார். விறுவிறுவென்று உள்ளே நுழைந்து, பாயில் கிடந்தவரைக் குனிந்து பார்த்தார்.

"எழுந்திருங்க சம்பந்தி. எங்க வூட்டு கேட்டுல 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு பெருசா எழுதி மாட்டிகீறேன். நாயே கெடையாது."

வண்டு ஒரு கண்ணைத் திறந்தது. "சாப்ட்டுதான் போவணும்," என்றது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் சித்தி மகன் போன் செய்தபோது, சோபாவில் கால்நீட்டிக்கொண்டு "அடடா, இப்பத்தான் ஊருக்குக் கிளம்பினோம்" என்று சொல்லி, பஸ் ஹாரன் கேட்கட்டும் என்று தெரு ஜன்னலையும் திறந்துவைத்த ஆள் யாராம்?