இயற்கை எய்தியது தோட்டம் மட்டும்தான்

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உயிரோடு இருக்கும் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், குறிப்பாக நான். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் உரக்கடை வியாபாரம் எப்படி என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. உங்களிடம் உரம் வாங்குவதை நான் நிறுத்தியதால்தானே எட்டு மாதமாக நீங்கள் என்னோடு பேசுவதில்லை.

நேற்று நடந்த கூத்துக்கு நான் காரணமே இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் பாதிப் பழி போர்டு எழுதுகிறவரைச் சேரும். தோட்டம் முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட்டது, இனி வாசலிலேயே காய் விற்கப்போகிறோம் என்று ஊருக்குத் தெரிய ஒரு போர்டு வேண்டுமென்று போனில் சொன்னேன். "நல்ல தமிழ்ல, மரியாதையா எழுதுங்க" என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது. மனிதர் பிழைப்பே இரங்கல் போர்டு எழுதுவது. என் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி (அதில் நான் ஏற்கெனவே போனவன் மாதிரித்தான் இருப்பேன்), கீழே கொட்டை எழுத்தில் "நம் அன்புத் தோட்டக்காரர் முழுமையாக இயற்கை எய்தினார். அனைவரும் வருக. காலை ஆறு முதல் ஒன்பது வரை. முதலில் வருவோருக்கு முன்னுரிமை" என்று எழுதி, விடிவதற்குள் வாசலில் தெருவைப் பார்த்து நட்டுவிட்டுப் போய்விட்டார்; உள்ளே இருந்த நாங்கள் போர்டின் முதுகைத்தான் பார்த்தோம்.

சரி, நான் எதிரே நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேனே! "நம்ம குடும்பத்துல வெளைய வெச்சவங்க உண்டு, தராசு புடிச்சு நின்னவங்க கெடையாது" என்று பேச்சை நிறுத்துவதற்கு முன் நீங்கள் சொன்னது காதிலேயே நின்றது (உங்கள் கடையில் மூட்டைக் கணக்குத்தான், தராசு கிடையாது). மண்வெட்டி பிடித்த கைக்குத் தராசு பிடிக்க வெட்கம். அதனால் உங்கள் தம்பி மனைவியைத் தராசோடு வாசலில் நிறுத்தினேன். அவளோ விடியற்காலையிலிருந்து பூச்சி விரட்டிக்காக மிளகாயும் பூண்டும் அரைத்துக்கொண்டிருந்தவள். கண் இரண்டும் சிவந்து, தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டுகிறது. போர்டைப் பார்த்து வந்தவர்கள் இவளைப் பார்த்தார்கள். வேறு சாட்சி எதற்கு?

முதலில் வந்தவர் மேற்கு வயல்காரர். "உரம் போடாம வெளஞ்சா அது பயிரா களையா" என்று என்னை எட்டு மாதமாகக் கிண்டல் செய்தவர். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "நின்னு எத்தனை நாள் ஆச்சும்மா?" என்றார். மூச்சைத்தான் கேட்டிருக்கிறார். இவள் உரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "எட்டு மாசம் ஆச்சுங்க" என்றாள். "எட்டு மாசமா! எப்படித்தான் தாங்கினாரோ!" "மொதல்ல கொஞ்சம் வாடிச்சு, அப்புறம் தன்னால தேறிடுச்சு" என்றாள் இவள். மனிதர் குழம்பிப்போய், தொட்டிக்கு மறுபக்கம் வந்து நின்று தனக்குத்தானே புலம்பினார்: "சந்தைக்குப் போறதுக்கு மருந்தடிச்சாலும் என் வீட்டுக்குன்னு ரெண்டு பாத்தி மருந்தில்லாமத்தான் வெச்சிருக்கேன். இதை அவர்கிட்ட சொல்லாமலே இருந்துட்டேனே." அண்ணா, அந்த இடத்தில் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஆளுக்குக் கொஞ்சம் காய் வாங்கினார்கள். ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை. எட்டு மணிக்குள் கூடைகள் காலி.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்தீர்களாம். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, பாவி நான்" என்று நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் என்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. சாணிக் கரைசல் அப்பிய கையோடு வந்து உங்கள் தோளைத் தொட்டது தப்புத்தான். மேற்கு வயல்காரர் என்னைப் பேய் என்று நினைத்துக் கத்தரிப் பாத்தியில் விழுந்துவிட்டார். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்து, "செத்தியா இல்லையா, ஒழுங்கா சொல்லித் தொலைடா" என்று ஓர் அறை விட்டு, கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல் போய்விட்டீர்கள்.

அந்த அறை எனக்கு வேண்டியதுதான். உங்கள் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன். ஆகவே இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உரம் மட்டும் வாங்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் வாசல் வியாபாரம் நேற்றோடு சரி. போர்டைப் பிடுங்கிவிடுகிறேன். தராசைப் பரணில் போட்டுவிடுகிறேன். காயைப் பழையபடி மண்டிக்கே மூட்டை கட்டி அனுப்பி, குடும்பக் கௌரவத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். கோபம் தணிந்து ஒரு வார்த்தை பேசினால் போதும்.

அண்ணிக்கு என் வணக்கம். நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். எனக்கு அந்த ஆசி தேவைப்படாது, நேற்றே ஊர் கூடி அனுப்பிவைத்தும் நான் போகவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டி ஆளிடம் கொடுத்தனுப்புவதற்குள் உங்கள் தம்பி மனைவி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அவர் வந்து அழுதது உங்களுக்காகவா, குடும்பக் கௌரவத்துக்காகவா?" என்று கேட்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அழுதபோது கௌரவம் என்ற பேச்சே வரவில்லையே. ஆகையால் மேலே முடிவு என்று எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போர்டு இருக்கும், "எய்தினார்" என்பதில் மட்டும் சாணி பூசியிருக்கிறேன். நாளை காலை ஆறு மணிக்குத் தராசோடு நானே நிற்கிறேன். என்னை உயிரோடு பார்க்கவே பாதி ஊர் வருகிறதாம். நீங்களும் வாருங்கள் அண்ணா. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். "வெண்டைக்காய் ஒரு கிலோ" என்று மட்டும் கேளுங்கள், எனக்கு அது போதும்.