பாலத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஐந்து

மக்களின் விருப்பமறிந்தே இனி ஆட்சி என்று எங்கள் இதாயுரு நகராட்சி தீர்மானித்தது. பராகுவேயில் அந்த வருஷம் எல்லா நகராட்சிகளும் அப்படித்தான் தீர்மானித்திருந்தன. நேரில் கேட்டால் ஜனங்கள் திட்டுவார்கள் என்பதால் கைபேசியில் கேட்டார்கள்.

வேலைகள் ஐந்து. வேண்டியதை மேலே இழுத்து, வேண்டாததைக் கீழே தள்ளி, வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். முன்னால் வருகிற ஒன்றைக் கட்டுவார்கள். ஓடைப் பாலம், சுகாதார நிலையக் கூரை, தெருவிளக்கு, குப்பை வண்டி, அப்புறம் சதுக்கத்தில் ஊர்ப்பெயரை ஆள் உயர வண்ண எழுத்துகளாக நிறுத்துவது. இந்தக் கடைசிச் சமாச்சாரம் நாடு முழுக்கப் பரவியிருக்கும் வியாதி. எழுத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தால்தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே பலருக்கு உறுதிப்படுகிறது.

பாலத்தைப் போன மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆஸ்பத்திரி அக்கரையில். கசாப்புக்கடை சிரிலோவின் மனைவி நிமியாவுக்கு மார்ச்சில் பிரசவம். ஓடை பொங்குவதும் மார்ச்சில்தான். ஊரே பாலத்தை முதலில் வைத்தது, எழுத்துகளைக் கடைசியில் தள்ளியது.

முடிவை அறிவித்தவர் ஓஸ்மார். மேயரின் மச்சினன். டை கட்டியிருந்ததால் எங்கள் ஊர் வழக்கப்படி டாக்டர். சுவரில் வரைபடமாக ஐந்து கம்பங்களைக் காட்டினார்.

“சராசரி நாலு புள்ளி எட்டு. எல்லாத்தையும்விட உசரமான கம்பம், எழுத்துகள். குட்டையானது பாலம். வெறும் ஒண்ணு புள்ளி ரெண்டு.”

மேயர் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டினார். நிமியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏங்க டாக்டரே, நான் பாலத்தைத்தானே முதல்ல வச்சேன்?”

“வச்சீங்கம்மா. உங்க ஒண்ணும் அதுல சேந்திருக்கு.”

“ஊரே அப்படித்தான் வச்சுது.”

“அதான் பிரச்சினையே. பாலத்துக்கு ஆளுக்கு ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. எழுத்துக்குப் பாருங்க, வாரி வாரி அஞ்சு.”

“ஒண்ணுன்னா முதலிடம்.”

“உங்க பிள்ளை பள்ளிக்கூடத்துல ஒண்ணு வாங்கிட்டு வந்தா விருந்து வைப்பீங்களா?”

எங்கள் பள்ளிகளில் ஐந்துதான் உச்சம், ஒன்று என்றால் தோல்வி. சபையில் பாதிப் பேர் ஒன்று வாங்கி, வீட்டில் உதையும் வாங்கியவர்கள். தலையைக் குனிந்துகொண்டோம்.

எழுத்துகள் எழும்பின. தலைநகருக்குப் புகார் எழுதினோம். நகர மன்றம் ஏற்றுக்கொண்ட கம்பத்தைக் குறைக்க விதியில் இடமில்லை, ஆனால் மறுபடி கேட்க இடமுண்டு என்று நகராட்சி பெருந்தன்மையோடு தெரிவித்தது. புதிய பட்டியலில் எழுத்துகளுக்குப் பதிலாக, அவற்றின் பக்கத்தில் நிறுத்த ஒரு சிவப்பு இதயம்.

நிமியா வீடு வீடாக ஏறி இறங்கினாள். “அவங்க கணக்குலயே போவோம். பாலத்தைக் கீழ தள்ளுங்க, அஞ்சு விழட்டும். அந்த இதயத்தைத் தூக்கி மேல வைங்க, ஒண்ணு வாங்கிட்டு நாசமாப் போகட்டும்.”

ஒருவர் பாக்கியில்லாமல் அப்படியே செய்தோம். முடிவைச் சொல்ல வந்தவர் ஓஸ்மார் இல்லை. எங்கள் புகாரைத் தலைநகர் ஏற்றுக்கொண்டு, மிர்த்தா என்ற, புள்ளியியல் படித்த நிஜமான டாக்டரை அனுப்பியிருந்தது.

“போன தடவை பெரிய தப்பு நடந்திருக்கு. முதல்ல வச்சதுக்கு அஞ்சு, கடைசிக்கு ஒண்ணுன்னு திருப்பி எண்ணியிருக்கேன். இப்ப உசரமான கம்பம்தான் உங்க நிஜமான விருப்பம்.”

உயரமான கம்பம் இதயம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கொடுமை.

“பாலம் வேணும்னுதாம்மா கடைசியில வச்சோம்,” என்றாள் நிமியா.

மிர்த்தா கண்ணாடியைக் கழற்றினார். “வேணும்னா எதுக்குக் கடைசியில வச்சீங்க?”

நிமியா ஓஸ்மாரைப் பார்த்தாள். அவர் மூலையில் உட்கார்ந்து மும்முரமாகத் தெரேரே மூலிகைப் பானம் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“பாலம் வேண்டாம்னு இவ்வளவு ஒத்துமையாச் சொன்ன ஊரை நான் பாத்ததே இல்ல,” என்று டாக்டர் மனமாரப் பாராட்டினார்.

ஓடை பொங்குமுன் நிமியாவை அக்கரையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெண் குழந்தை. ஓடை இன்னும் வடியவில்லை. தினமும் சாயங்காலம் சிரிலோ கடையை மூடிவிட்டுக் கரையில் போய் நிற்கிறான். அவள் அந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறாள். முகம் போனில் தெரிகிறது, ஆனால் பெற்ற அப்பன் இன்னும் பிள்ளையைத் தொட்டதில்லை.

போன வாரம் மூன்றாவது கருத்துக்கணிப்பு வந்தது. எந்த டாக்டர் எண்ணப்போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. சிரிலோ போனில் மனைவியைக் கேட்டான்.

“பாலத்தை மேல வைக்கவா, கீழ வைக்கவா?”

“நடுவுல வையி. மேலேருந்து எண்ணினாலும் மூணு, கீழேருந்து எண்ணினாலும் மூணு. எந்த டாக்டராலயும் மாத்த முடியாது.”

என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு என்று ஊரே மெச்சியது. எல்லோரும் நடுவில் வைத்து அனுப்பினோம். கட்டப்போவது முதலாவதாக வருகிற ஒன்றைத்தான், மூன்றாவதாக வருவதை அல்ல என்பது அனுப்பி முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.